பாயின்ட் 22 ரைபிள் மக்கர் செய்தால்: எங்கே பார்ப்பது, எங்கே கையை எடுப்பது

காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது, ரைபிள் மாட்டிக்கொண்டால் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கையைத் தூக்குவது. ஹவில்தார் வருவார், நன்றாகத் திட்டுவார், இரண்டே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார். இப்போது கிளப்பில் சனி, ஞாயிறு காலைகளில் லேன்களுக்குப் பின்னால் நிற்பவன் நான். கையைத் தூக்குகிறவர்கள் என்னைப் பார்த்துத் தூக்குகிறார்கள். திட்டுவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், அவ்வளவுதான். கோளாறுகள் மாறவே இல்லை. அதே எட்டு, ஒன்பது கோளாறுகள் ஆள் மாறி ஆள், ரைபிள் மாறி ரைபிள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது .22 எல்.ஆர். (லாங் ரைபிள்) தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு, அதாவது கைப்பிடியுள்ள போல்ட்டைக் கையால் இழுத்துத் திறந்து மூடும் ரைபிளுக்கு மட்டும். என்.சி.சி. ரைபிள், பழைய பிர்னோ, ஆன்ஷுட்ஸ் மாதிரி 50 மீட்டர் மேட்ச் ரைபிள் எல்லாம் இதில் அடங்கும். .315 ரைபிள், பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அந்தத் தோட்டாக்களின் அழுத்தம் வேறு, அமைப்பு வேறு.

## எதுவானாலும் முதல் ஒரு நிமிடம்

குழல்வாய் டார்கெட் பக்கமே இருக்கட்டும். விரல் ட்ரிகர் கார்டுக்கு வெளியே. இன்னொரு கையைத் தூக்குங்கள். கண்ணாடி கண்ணில்தான் இருக்கிறதா என்று பாருங்கள், நெற்றியில் ஏறியிருக்கும்.

"பாருங்கண்ணா, மாட்டிக்கிச்சு" என்று ரைபிளோடு சேர்ந்து பின்னால் திரும்புவார்கள் பாருங்கள், ரேஞ்சில் எனக்கு வயிற்றைக் கலக்குவது அது ஒன்றுதான். தலை திரும்பலாம், வாய் பேசலாம். குழல் திரும்பக் கூடாது.

மாட்டிக்கொண்ட ரைபிள் காலியான ரைபிள் அல்ல. உள்ளே இருப்பது காலி கேஸ் (சுட்ட பிறகு மிஞ்சும் பித்தளைக் கூடு) என்று கண்ணால் பார்க்கும்வரை அதைச் சுடாத தோட்டா என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் சொல்லும் எந்த வேலையிலும் சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் கிடையாது. அவை தேவைப்படுகிற கட்டம் வந்துவிட்டால் உங்கள் வேலையும் என் வேலையும் முடிந்தது; அடுத்து ஆர்மரர்தான், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர்.

## ட்ரிகரை இழுத்தாயிற்று, 'டிக்' மட்டும் கேட்டது

அசையாதீர்கள். குழலை டார்கெட் பக்கம் வைத்தபடி முப்பது வரை எண்ணுங்கள். சில ரேஞ்சில் ஒரு நிமிடம் என்பார்கள். உங்கள் ரேஞ்சில் என்ன வழக்கமோ அது. வெடிமருந்து சில சமயம் உடனே பற்றாமல், தாமதித்துப் பற்றும். அபூர்வம்தான். ஆனால் அந்த நேரத்தில் போல்ட் திறந்திருந்தால், பித்தளைக் கேஸைச் சுற்றித் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. அது கிழிந்து முகத்துக்கு வரும்.

முப்பது ஆனதும் முகத்தை போல்ட்டுக்கு நேர் பின்னால் வைக்காமல் ஒதுக்கிக்கொண்டு மெதுவாகத் திறந்து தோட்டாவை எடுங்கள். எடுத்ததும் விளிம்பைப் பாருங்கள். .22 தோட்டாவில் பற்றவைக்கும் ரசாயனம் நடுவில் இல்லை, விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால்தான் பற்றும். ஆகவே மீதிக் கதையை அந்தத் தடமே சொல்லிவிடும்.

### தோட்டாவே இல்லை

சிரிக்காதீர்கள். ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் மேட்ச் ரைபிளில் வாரம் ஒருவராவது காலி சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) ட்ரிகரை இழுக்கிறார்கள். மேகசின் ரைபிளில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) சரியாக ஏறாவிட்டாலும் இதே கதை.

### தடம் ஆழமாக, தெளிவாக இருக்கிறது

ரைபிள் தன் வேலையைச் செய்துவிட்டது, குறை தோட்டாவில். ரசாயனம் விளிம்பு முழுக்கச் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் காலியாக இருந்திருக்கும். எங்கள் ரேஞ்சில் ஒரே ஒரு தடவை, தடம் எதிர்ப்பக்கம் வரும்படி தோட்டாவைத் திருப்பிப் போட்டுச் சுட்டுப் பார்க்க விடுகிறோம். பெரும்பாலும் வெடித்துவிடும். வெடிக்காவிட்டால் மறுபடி முப்பது எண்ணிவிட்டு, செத்த தோட்டா டப்பாவில் போட வேண்டியதுதான். மூன்றாம் முறை கிடையாது.

ஒரு பெட்டியில், அதாவது ஐம்பது தோட்டாவில், ஒன்று இப்படிப் போனால் விட்டுவிடுங்கள். மூன்று, நான்கு என்று போனால் அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு வேறு லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கொண்ட பெட்டியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் போனால் திரும்ப ரைபிளைச் சந்தேகப்பட வேண்டும்.

### தடம் லேசாக, தொட்டும் தொடாமலும் இருக்கிறது

இங்கேதான் எல்லாரும் முதலில் ஸ்பிரிங் போச்சு என்பார்கள். ஸ்பிரிங் கடைசி. முதலில் பார்க்க வேண்டியது போல்ட் கைப்பிடி முழுதாகக் கீழே இறங்கியிருந்ததா என்பது. கொஞ்சம் மேலே நின்றிருந்தால், பின்னின் விசையில் ஒரு பகுதி போல்ட்டை இறக்குவதிலேயே செலவாகிவிடும். மீதிதான் விளிம்புக்குப் போகும்.

அடுத்து அழுக்கு. தோட்டாவின் ஈயத்தில் பூசியிருக்கும் மெழுகு, கொழுப்பு, மருந்துக்கரி எல்லாம் சேம்பர் வாயில் ஒரு வளையமாகப் படியும். தோட்டா முழுதாக உட்காராமல் ஒரு மயிரிழை வெளியே நிற்கும். ஃபயரிங் பின் அடிக்கும்போது அடியை வாங்காமல் முன்னால் நகர்ந்து உட்காரும். அதே தோட்டாவை இரண்டாம் முறை அடித்தால் வெடிக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள்.

மூன்றாவது, போல்ட்டுக்குள் எண்ணெய். இதற்கு ஒரு கதை இருக்கிறது. எங்களில் ஒருவர் போல்ட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டுவந்தார். வீட்டில் தையல் மெஷினுக்கு விடுவதுதானே என்றார். இங்கே ஒரு பிரச்சினையும் இல்லை. குளிர்காலத்தில் போட்டிக்கு டெல்லி துக்ளகாபாத்தில் இருக்கும் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போனார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். டெல்லியில் டிசம்பர் காலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபயரிங் பின் போகும் துளை முழுக்க வெண்ணெய் மாதிரி இறுகி, 'டிக்' கூட வராமல் 'தப்' என்று வந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் இல்லாவிட்டாலும் கெட்டியான கிரீஸ் எதுவும் இதே வேலையைத்தான் செய்யும். ஃபயரிங் பின் துளையைத் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வைப்பதே நல்லது. மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இது மூன்றும் சரியாக இருந்தும் தடம் லேசாகவே விழுகிறதா? அப்போது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், ஃபயரிங் பின் முனை தேய்ந்திருக்கலாம், போல்ட் முகத்துக்கும் சேம்பருக்கும் இடையில் இடைவெளி கூடியிருக்கலாம். ஸ்பிரிங்கும் பின்னும் சின்னச் செலவு. இடைவெளி என்றால் அளந்து பார்க்க கேஜ் வேண்டும். மூன்றுமே ஆர்மரர் கையில்.

### தடமே இல்லை

ஃபயரிங் பின் முனை உடைந்திருக்கும், அல்லது காக்கிங் (பின்னைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து வைப்பது) பிடிக்காமல் போயிருக்கும். ரைபிளைப் பையில் போடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

## 'புஸ்' என்றது, டார்கெட்டில் ஓட்டை இல்லை

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். மாட்டிக்கொண்ட ரைபிள் நம்மைத் தானாக நிறுத்திவிடும். இந்தக் கோளாறு நிறுத்தாது. போல்ட் திறக்கும், காலி கேஸ் வெளியே விழும், அடுத்த தோட்டா அழகாக உள்ளே போகும். முந்தைய குண்டு மட்டும் பேரலுக்குள்ளேயே, அதாவது குழலுக்குள்ளேயே, நின்றுகொண்டிருக்கும். அதன் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கும் அல்லது கிழியும்.

சத்தம் வழக்கத்தைவிடக் குறைவு, தோளில் உதை இல்லாத மாதிரி, போல்ட் திறந்ததும் எரியாத மருந்துத் துகள் அல்லது வழக்கத்துக்கு மாறாகப் புகை: இதில் ஒன்று தோன்றினாலும் நிறுத்துங்கள். பக்கத்து லேன் சத்தத்தில் இந்தப் 'புஸ்' காதுக்கே எட்டாது, காதில் மஃப் வேறு. அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஓட்டையைத் தேடச் சொல்கிறேன். என்.சி.சி.யில் ஐந்து தோட்டாவையும் மடமடவென்று சுட்டுவிட்டு எழுந்துகொள்ளும் பழக்கம் பையன்களுக்கு இருக்கிறது. ஆபத்து அந்த அவசரத்தில்தான்.

முப்பது எண்ணி, போல்ட்டைத் திறந்து, கேஸை எடுத்துவிட்டு, போல்ட்டையே முழுதாக உருவி வெளியே வையுங்கள். பின்பக்கமிருந்து பேரல் வழியாகப் பாருங்கள். குழல்வாய் பக்கமிருந்து எப்போதும் பார்க்காதீர்கள், போல்ட் கையில் இருந்தாலும்.

### வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறது

குண்டு போய்விட்டது, பாதி தூரத்தில் மண்ணில் விழுந்திருக்கும். புல்த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) ஒரு துண்டுத் துணி மாட்டி, பின்பக்கமிருந்து விட்டு முன்னால் இழுங்கள். சீராக வந்தால் தொடரலாம். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று தளர்ந்து மறுபடி இறுகினால் பேரல் அங்கே வீங்கியிருக்கலாம், தொடராதீர்கள்.

### இருட்டாக இருக்கிறது

குண்டு உள்ளே இருக்கிறது. சுட்டு வெளியேற்றலாம் என்ற யோசனை யாராவது ஒருவருக்கு வரும், அவரைப் பேசவிடாதீர்கள். சரியான விட்டமுள்ள பித்தளைக் கம்பியால் வெளியே தள்ளுவது ஆர்மரர் வேலை. வீட்டில் சைக்கிள் ஸ்போக்கை வைத்துக் குத்தி, பேரலுக்குள் ஓடும் சுழல் வரிகளை நிரந்தரமாகக் கீறிக்கொண்டு வந்தவரை எனக்குத் தெரியும். குண்டு அங்கேயேதான் இருந்தது.

இப்படி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தோட்டாதான். மருந்து குறைவாக நிரம்பியது, அல்லது எண்ணெயோ ஈரமோ உள்ளே இறங்கியது. ஒரே பெட்டியில் இரண்டு முறை வந்தால் மீதியைச் சுட வேண்டாம், பெட்டியோடு ரேஞ்ச் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள்.

## சுட்ட கேஸ் வெளியே வரவில்லை

.22 ரைபிளில் அதிகம் பார்ப்பது இதுதான், பயப்பட வேண்டியதும் இல்லை. சுட்டீர்கள், சத்தம் சரியாக வந்தது, டார்கெட்டில் ஓட்டை இருக்கிறது என்றால் உள்ளே இருப்பது காலி கேஸ். இந்த மூன்றில் ஒன்று உறுதியாகத் தெரியாவிட்டால் அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

போல்ட்டை மறுபடி முழுதாக மூடி, கைப்பிடியை இறக்கி, ஒரே இழுப்பில் பின்னால் கொண்டுவாருங்கள். மெதுவாக, பயந்து பயந்து இழுக்கிறவர்களுக்குத்தான் கேஸ் பாதியில் நழுவும். இழுப்பு தயங்கக் கூடாது. அதற்காக உடைக்கவும் வேண்டாம்.

எக்ஸ்ட்ராக்டர் (கேஸைப் பிடித்து இழுக்கும்) கொக்கி விளிம்பைப் பிடிக்காமல் நழுவுகிறது என்றால் கொக்கியின் அடியில் மெழுகும் பித்தளைத் தூளும் அடைத்திருக்கும். பல் குத்தும் மரக்குச்சி ஒன்று போதும் சுரண்டி எடுக்க. எங்கள் கிளப்பில் எக்ஸ்ட்ராக்டர் போச்சு என்று கொண்டுவரும் ரைபிள்களில் பாதிக்கு மேல் குச்சியோடு தீர்ந்துவிடுகின்றன. சுத்தம் செய்தும் நழுவினால் கொக்கியின் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். மழுங்கியோ உடைந்தோ இருந்தால் புதிது போட வேண்டும்.

கொக்கி நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் கேஸ் சேம்பரை விட்டு வர மறுக்கிறது என்றால் சேம்பர் அழுக்கு. குழல்வாயிலிருந்து சுத்தம் செய்யும் கம்பியை மெதுவாக விட்டு, போல்ட்டைத் திறந்த நிலையில் வைத்து, கேஸைப் பின்னுக்குத் தள்ளலாம். அது காலி கேஸ் என்று கண்ணால் பார்த்து உறுதியான பிறகு மட்டும். தட்டக் கூடாது, தள்ள வேண்டும். அப்புறம் சேம்பரை வெண்கல பிரஷ்ஷால் சுழற்றித் தேயுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம்.

சுத்தமான சேம்பரிலும் ஒவ்வொரு கேஸும் ஒட்டுகிறதா? வந்த கேஸ்களை வரிசையாக வைத்து, வாய்ப்பக்க விளிம்பிலோ பக்கத்திலோ ஒரே இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேம்பர் ஓரத்தில் பிசிறு. காலி ரைபிளில் 'டிக் டிக்' என்று ட்ரிகர் பழகும்போது ஃபயரிங் பின் நேராகச் சேம்பர் ஓரத்தில் அடித்து உலோகத்தை உள்ளே தள்ளிவிடும். சில மாடல்களில் இது நடக்காதபடி செய்திருக்கிறார்கள். உங்கள் மாடல் அப்படியா என்று தெரியாவிட்டால் டம்மி தோட்டா போட்டுப் பழகுங்கள். பிசிறை எடுக்க அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, ஆர்மரரிடம் அரை மணி நேர வேலை. அரம் எடுத்தால் சேம்பர் போய்விடும், அதன் பிறகு பேரலையே மாற்ற வேண்டும்.

கேஸ் வெளியே வருகிறது, ஆனால் எகிறாமல் ஆக்‌ஷனுக்குள்ளேயே கிடக்கிறது என்பது வேறு. போல்ட்டைக் கடைசிவரை இழுக்காததுதான் காரணம். இழுத்தும் விழாவிட்டால் கேஸை எகிற வைக்கும் எஜெக்டர்தான் காரணம். மேட்ச் ரைபிள்கள் சிலவற்றில் எஜெக்டரே கிடையாது, கையால்தான் எடுக்க வேண்டும். புது ரைபிள் வாங்கியவர் ஒருவர் இதைக் கோளாறு என்று கடையோடு ஒரு வாரம் சண்டை போட்டார்.

## சுடாத தோட்டா உள்ளே மாட்டிக்கொண்டது

இங்கே குழல்வாயிலிருந்து கம்பி விடவே கூடாது. மேலே காலி கேஸுக்குச் சொன்னதை இதற்குச் செய்தவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கம்பி குண்டைத் தள்ளும்போது விளிம்பு எதன் மேலாவது முட்டினால் தோட்டாவுக்கு அதுவும் ஃபயரிங் பின் அடிதான்.

விரல் ட்ரிகரில் இல்லாமல், போல்ட்டை ஒரு முறை உறுதியாக மூடி, கொக்கி விளிம்பைக் கவ்வ விடுங்கள். திறந்து இழுங்கள். வராவிட்டால் மரக்குச்சியாலோ நகத்தாலோ விளிம்பை லேசாகக் கிளப்பிப் பார்க்கலாம். கத்தி முனை, ஸ்க்ரூ டிரைவர் என்று எந்த உலோகமும் அந்த விளிம்பைத் தொடக் கூடாது. அசையவில்லை என்றால் ரைபிளை டார்கெட் பக்கமே படுக்கவைத்துவிட்டு அதிகாரியைக் கூப்பிடுங்கள். போட்டியாக இருந்தாலும் இதுதான் முறை: குழல் முன்னால், கை மேலே.

மேட்ச் ரைபிளில் ஒரு தனித் தொல்லை. அதன் சேம்பர் மிக இறுக்கம். தோட்டாவை ஏற்றும்போதே ஈயம் பேரல் வரிகளில் கவ்விக்கொள்ளும். சுடாமல் திரும்ப எடுத்தால் சில சமயம் கேஸ் மட்டும் வரும், குண்டு பேரலிலேயே தங்கும். ட்ரிகர், போல்ட், பாய் எல்லா இடத்திலும் கறுப்பு மணலாக மருந்து கொட்டும். பதற வேண்டாம். அடுத்த தோட்டாவை மட்டும் போட்டுவிடாதீர்கள். போல்ட்டை உருவி, மருந்தைத் தட்டித் துடைத்து, குண்டை எடுக்க ஆர்மரரிடம் கொடுங்கள். ட்ரிகருக்குள் போன துகள் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. இதைத் தவிர்க்க ஒரே வழி, சுடுவது உறுதி என்று தெரிந்த பிறகு மட்டும் தோட்டாவை ஏற்றுவது.

## போல்ட் மூட மறுக்கிறது

உள்ளங்கையால் அடித்து மூடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நிறுத்துங்கள். போல்ட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில் இருப்பது நசுக்கினால் வெடிக்கும் விளிம்பு.

தோட்டாவை எடுத்துவிட்டு, காலியாக மூடிப் பாருங்கள். காலியாக நன்றாக மூடுகிறது என்றால் தோட்டா அல்லது சேம்பர். தோட்டாவின் ஈயம் கோணியிருக்கிறதா, மணல் ஒட்டியிருக்கிறதா, விளிம்பு மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு தோட்டா போடுங்கள். அதுவும் முட்டினால் சேம்பருக்குள் ஒளி அடித்துப் பாருங்கள். முந்தைய கேஸின் முன்பாதி கிழிந்து உள்ளேயே இருக்கலாம். அல்லது நான் மேலே சொன்ன மெழுகு வளையம். .22 ஷார்ட் என்னும் குட்டைத் தோட்டாவை நிறையச் சுட்ட பழைய ரைபிள்களில் இந்த வளையம் குட்டைக் கேஸ் முடியும் இடத்துக்கு முன்னால், சேம்பருக்குள்ளேயே படிந்து, நீளத் தோட்டா போடும்போது மட்டும் முட்டும்.

காலியாகவும் மூடவில்லை என்றால் போல்ட் போகும் பாதையில் மணல், துணி நூல், முன்பு கொட்டிய மருந்து. போல்ட்டை உருவித் துடைத்தால் தீரும். தீராவிட்டால் கழற்றி மாட்டும்போது ஏதோ மாறியிருக்கிறது, அல்லது வேறு ரைபிளின் போல்ட் கையில் இருக்கிறது. முகாம்களில் ஒரே மாதிரி பத்து ரைபிளை ஒன்றாகச் சுத்தம் செய்யும்போது நடக்கிற கூத்து இது. போல்ட்டிலும் பாடியிலும் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடினாலும் வேறு எண் போல்ட்டோடு சுடாதீர்கள்.

## மேகசின் ஊட்டவில்லை

மேகசினை வெளியே எடுத்து, மறுபடி 'க்ளிக்' கேட்கும்வரை ஏற்றுங்கள். பத்தில் ஆறு இங்கே முடிந்துவிடும். அடுத்து தோட்டா அடுக்கிய விதம்: விளிம்புள்ள தோட்டாக்களில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். இறக்கி மறுபடி அடுக்குங்கள். ஒரே மேகசின் மட்டும் படுத்துகிறது, மற்றது ஒழுங்காக இருக்கிறது என்றால் அதன் உதடுகள் (மேல் தோட்டாவைப் பிடித்து நிற்கும் ஓரங்கள்) வளைந்திருக்கின்றன. கட்டிங் பிளேயரால் நிமிர்த்தலாம் என்று நினைக்காதீர்கள், புதிது வாங்குங்கள்.

## போல்ட் திறக்கவில்லை

சுட்ட பிறகா, சுடுவதற்கு முன்பா என்பதுதான் கேள்வி. முன்பு என்றால் சேஃப்டி பூட்டியிருக்கும், சில மாடலில் சேஃப்டி போல்ட்டையும் சேர்த்துப் பூட்டும். சுட்ட பிறகு என்றால் கைப்பிடியை உள்ளங்கையால் மேல்நோக்கி அழுத்திப் பாருங்கள். அவ்வளவுதான் உங்கள் எல்லை. பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒடிந்த கைப்பிடியையும் பார்த்திருக்கிறேன். திறக்க வராத போல்ட்டுக்குப் பின்னால் கிழிந்த கேஸ் இருக்கலாம். ஆர்மரர்.

## முகத்தில் காற்றோ புகையோ அடித்தது

கேஸை எடுத்துப் பாருங்கள். விளிம்பு பிளந்தோ, அடிப்பக்கம் உப்பியோ இருக்கும். ஒரு தடவை என்றால் தோட்டா பழையதாக இருக்கலாம். பித்தளையில் விரிசல் விட்டிருக்கும். இரண்டாவது தடவை வந்தால், தோட்டா எதுவாக இருந்தாலும், ரைபிளை நிறுத்திவிட்டு போல்ட் முகத்துக்கும் சேம்பருக்கும் இடையிலான இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். பவர் இல்லாவிட்டாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு சுடச் சொல்வது இதற்காகத்தான்.

## ட்ரிகர் இறுகிப்போனது, அல்லது தொட்டாலே விடுகிறது

இறுகினால் முதலில் சேஃப்டி, பிறகு போல்ட் கைப்பிடி, பிறகு காய்ந்த எண்ணெய். தொட்டாலே விடுகிறது, அல்லது போல்ட்டை மூடும்போதே விடுகிறது என்றால் எதையும் சோதிக்காதீர்கள். காலி செய்து பையில் போடுங்கள். நம் ஊரில் எந்த லேத் பட்டறையிலும் ட்ரிகரை அராவிக் கொடுக்க ஆள் கிடைப்பான். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவனிடம் கொடுத்தால் ட்ரிகர் கெடுவதோடு வழக்கும் சேரும்.

## தோட்டாவைப் பார்த்துக்கொள்வது

மேலே உள்ளதில் பாதி, ரைபிளை எடுப்பதற்கு முன்பே தடுத்திருக்கக் கூடியது.

கடலோர ஊர்களில் ஈரம்தான் எதிரி. தோட்டாவை அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வைத்து, அந்தப் பெட்டியைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். மே மாதம் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். உடனே வெடித்துவிடாது, ஆனால் மெழுகு உருகி ஒரு பக்கம் வழியும், பிறகு அதில் எல்லாத் தூசியும் ஒட்டும். கையில் எண்ணெயோடு தோட்டாவைத் தொடாதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது கேஸுக்கும் குண்டுக்கும் இடையில் இறங்கி மருந்தைக் கெடுக்கும். 'புஸ்' வருவது இப்படித்தான்.

படுத்துச் சுடும்போது தோட்டாவை மண்ணில், பாயில் கொட்டி வைக்காதீர்கள். மரக்கட்டையில் துளை போட்டு அடுக்கிவைக்கும் பழக்கம் வெறும் அழகுக்காக இல்லை. பழைய பெட்டியை முதலில் தீர்த்துவிட்டுப் புதியதைத் திறவுங்கள், லாட் எண்களைக் கலக்காதீர்கள். கலந்துவிட்டால், கோளாறு வரும்போது எந்தப் பெட்டியைக் குறை சொல்வது என்றே தெரியாது. பச்சை பூத்த, கோணிய, நெளிந்த தோட்டாவைத் துடைத்துச் சரிசெய்யப் பார்க்காமல் ஒதுக்குங்கள்.

ரைபிள் பக்கம், ஒவ்வொரு நாளும் முடிந்ததும் சேம்பரும் கொக்கியும் போல்ட் முகமும் சுத்தம். பேரலை எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி இருக்கிறது. எந்தக் கட்சியானாலும் பின்பக்கமிருந்து துணியை விட்டு முன்னால் எடுங்கள், அடுத்த முறை சுடுமுன் எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

செத்த தோட்டாக்களை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், குப்பையில் போடாதீர்கள், உடைத்துப் பார்க்காதீர்கள். என்.சி.சி.யில் கொடுத்த தோட்டாவும் திரும்பிய காலி கேஸும் எண்ணிக்கையில் ஒன்றாக வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கிளப்பிலும் அதே கணக்கை நாங்கள் வைத்திருக்கிறோம். அப்புறம், வெளியூர் போட்டிக்கு விமானத்தில் போகிறவர்கள், தோட்டாவை முறைப்படி அனுமதி எடுத்து செக்-இன் செய்தாலும் சரி, கைப்பையைக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். சுடும் ஜாக்கெட்டின் பாக்கெட், கையுறை விரல், பையின் லைனிங் கிழிசல் மூன்றையும். 'டிக்' என்று போன தோட்டாவை அப்போதைக்குப் பாக்கெட்டில் போட்டதை நீங்கள் மறந்திருப்பீர்கள். ஏர்போர்ட் ஸ்கேனர் மறக்காது.